வெளிச்சம் புகாத முட்டைகள்

போன வாரம் என் தோட்டின் திருகாணி ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு போய்விட்டது. முழங்கால் வலியோடு குனிந்து, கைபேசி விளக்கைப் போட்டுத் தேடினேன். திருகாணி கிடைக்கவில்லை. நிமிரும்போது விளக்கு கண்ணைக் குத்தியதால் விரல்களை அதன்மேல் வைத்து மூடினேன். விரல்கள் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தன, சதைக்குள்ளிருந்தே வெளிச்சம் வருகிற மாதிரி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் விழுந்துவிட்டேனோ என்று மகள் ஓடி வந்தாள். “ஒன்னுமில்லம்மா, ஒரு முட்டை ஞாபகம் வந்துச்சு” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் விளக்கத் தேவையில்லை. அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கும் முட்டைக்கும் பிறப்பிலிருந்தே தொடர்பு இல்லை. அப்பாவுக்குப் பதுளை பஜாரில் பலசரக்குக் கடை. ஊசியிலிருந்து உமல்பை வரை கிடைக்கும், முட்டை மட்டும் கிடையாது. யாராவது கேட்டால் அப்பா பதில் சொல்லாமல் பக்கத்துக் கடையைக் கையால் காட்டுவார். அப்படியொரு சைவ வீட்டிலிருந்துதான், தொண்ணூறுகளின் கடைசியில், தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு முதல் நியமனம் பெற்றுப் போனேன். தங்குவதற்குப் பாடசாலைக்குப் பின்னால் பலகையால் கட்டிய பழைய குவாட்டர்ஸ். ஏற்கெனவே அங்கிருந்த விஞ்ஞான ஆசிரியையோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்றார்கள். பெட்டியோடும் அம்மா கட்டித்தந்த புளிச்சாதத்தோடும் கதவைத் திறந்தால் அறை மூலையில் ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி. மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டுக் கொண்டுவருவார்களே, அது. உள்ளே ஒரு மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. அதனடியில் பன்னிரண்டு முட்டைகள் வரிசையாகக் கிடந்தன.

“பயப்பிடாதையும். இது சாப்பிடுறதுக்கில்லை” என்றார் உள்ளிருந்து வந்த வதனி மிஸ்.

வதனி மிஸ் யாழ்ப்பாணத்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குஞ்சு பொரிப்பதைக் காட்டவென்று அந்தப் பெட்டியைத் தன் கையாலேயே செய்திருந்தார். ஆய்கூடத்து வெப்பமானி ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீர், நாற்பது வாட் குமிழ், அவ்வளவுதான். சூடேறிய ரெஜிபோமின் வாசனையும் கோழி எச்சத்தின் மெல்லிய நெடியும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனையில் முதல் இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், வேலையாயிருந்த மிஸ்ஸுக்குப் பதிலாக நானே முட்டைகளைத் திருப்பி வைத்தேன். கை கழுவ மறந்து சாப்பிட்டும் விட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை இது தெரியாது.

முட்டைகளை வெளிச்சத்தில் பார்ப்பது எப்படி என்றும் அப்போதுதான் பழகினேன். இருட்டில் டோர்ச்சை முட்டையின் தடித்த முனையில் வைத்தால், ஊர்க்கோழியின் வெளிர் ஓட்டுக்குள்ளே சிலந்தி ஒன்று காலைப் பரப்பிக்கொண்டிருப்பதுபோல் சிவப்பு நரம்புகள் தெரியும். தெரிந்தால் உயிர். தெரியாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் அது வெறும் முட்டை. அந்தப் பன்னிரண்டில் ஒன்பது பொரித்தன. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற திமிர் அன்றே வந்துவிட்டது.

அடுத்த வருடம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தவமணி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், என் வயதுதான் இருக்கும். அவளுடைய அப்பா தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, முப்பது வருடம் இருந்து அந்த வருடம் தைப்பொங்கலுக்கு முன்னால் இறந்துபோனார். ஒரு காலத்தில் அந்தப் பங்களாவிலிருந்த தொரைக்குக் கோழிப் பைத்தியமாம். எங்கிருந்தோ வரவழைத்த கறுப்புக் கோழிகளை வளர்த்திருக்கிறார். வேலையை விட்டுப் போகும்போது அவற்றை அப்புவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோழிகளின் வாரிசுகள்தான் தவமணி குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தவை. இந்த விபரமெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவள் முந்தானையை விரித்துக் காட்டியபோது எனக்குத் தெரிந்தது எட்டு முட்டைகள் மட்டும்தான்.

அப்படி ஒரு நிறத்தை நான் முட்டையில் கண்டதில்லை. மரத்தைக் கடைந்து, எண்ணெய் தடவி வைத்த மாதிரி அடர்ந்த பழுப்பு. ஒன்றிரண்டில் அதைவிடக் கறுத்த புள்ளிகள்.

“சீக்கு வந்து எல்லாக் கோழியும் செத்துப்போச்சுங்க டீச்சர்” என்றாள் தவமணி. “இது ஒன்னுதான் மிஞ்சி அடையில இருந்துச்சு. இன்னிக்குப் பெரட்டுல பேரு குடுத்து, கொழுந்து எடுத்துட்டு வந்து பாக்குறேன், உக்காந்தபடியே செத்துக் கெடக்கு. ஆனா வயித்துக்கடியில சூடு இருந்துச்சுங்க. அதான் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன்.”

“எப்ப அடை வைச்சது?” என்று வதனி மிஸ் கேட்டார்.

“போன ஞாயித்துக்கெழம.”

மிஸ் விரல்விட்டு எண்ணினார், ஆறு நாள். பெட்டியைத் துடைத்துக் குமிழைப் போட்டார். வழக்கமாக முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடியும் மறுபக்கம் வட்டமும் போடுவோம், திருப்பியதும் திருப்பாததும் தெரிய. இந்த ஓட்டில் பென்சில் கோடு தெரியவில்லை. வகுப்பிலிருந்து சோக்குக்கட்டி எடுத்துவந்து போட்டோம். கரும்பலகையில் எழுதுவதுபோலவே வெள்ளையாக விழுந்தது.

பிறகு டோர்ச்சை எடுத்தோம். பட்டப்பகல், அறையில் வெளிச்சம் அதிகம். அதனால் என் கம்பளியை இருவர் தலையிலும் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சம் ஓட்டைத் தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. கல்லில் அடித்ததுபோல. புது பேட்டரி போட்டோம், கறுப்பு மட்டையைக் குழலாகச் சுருட்டி வைத்துப் பார்த்தோம். வியர்த்து வழிந்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து ஏதோ படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கப் பாடசாலை அதிபர் வாசலுக்கு வந்திருக்கிறார். கம்பளிக்கு வெளியே நான்கு பாதங்களைக் கண்டு, “ஒடம்பு ஏதும் சரியில்லையா?” என்று தயங்கிக் கேட்டார்.

“இல்லை சேர், முட்டை பாக்கிறம்” என்றார் வதனி மிஸ், கம்பளிக்குள்ளிருந்தே.

அதிபர் படிவத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைப்பற்றி அவர் பிறகு ஒருநாளும் எங்களிடம் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தோம். அதே கதைதான். எனக்குப் பொறுமை போய்விட்டது. “எல்லாம் செத்துத்தான் இருக்கும் மிஸ். தாய்க்கோழியே சீக்குல போயிருக்கு, எவ்வளவு நேரம் ஆறிக் கெடந்துச்சோ. சும்மா சூட்டுல வச்சிருந்தா அழுகி வெடிக்கும்” என்றேன். எனக்கு உண்மையில் அந்த நாற்றத்தைப்பற்றிய பயம்தான்.

“தெரியாததைச் செத்தது எண்டு நான் சொல்லமாட்டன்” என்றார் மிஸ்.

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னார். அவருடைய தம்பி ஒருவன் இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்தான். சண்டையில் இடம்பெயர்ந்து போன கூட்டத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார், இல்லையென்று இன்னொருவர் சொன்னார். அவனைப்பற்றி மிஸ் “என்ர தம்பிக்குப் பால்தேத்தண்ணி பிடிக்காது” என்றுதான் சொல்வார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். அந்த வயதில் எனக்கு அதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் மிஸ்ஸுக்கு மேலதிக வகுப்பு. நான் தனியாக இருந்தேன். எட்டில் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்று தோன்றியது. ஒன்று போனால் என்ன, மற்ற ஏழையும் வைத்திருப்பதா வேண்டாமா என்று முடிவு கட்டலாமே. அறிவான யோசனை என்றே நினைத்தேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து வைத்து, கரண்டிக் காம்பால் தட்டினேன். ஓடு தடிப்பு. மூன்றாம் தடவை தட்டியபோதுதான் உடைந்தது.

நாற்றம் எதுவும் வரவில்லை.

தட்டில் மஞ்சள் கரு பரவி நின்றது. அதன்மேல் மிக மெல்லிய சிவப்பு நூல்களால் பின்னிய ஒரு வலை. வலையின் நடுவில் விரல் நகத்தளவு ஒரு உருவம் சுருண்டு கிடந்தது. தலை பெரிது. தலையில் கறுப்பாக ஒரு கண். கண்ணுக்குக் கீழே ஓரிடத்தில், குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிதாக, சிவப்பாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்கத் துடிக்க அந்த நூல்களெல்லாம் சேர்ந்து அசைந்தன. நான் மூக்கிலிருந்த துணியை அவிழ்த்தேன். ஏன் என்று தெரியாது. ஒரு கோயிலுக்குள் செருப்போடு நிற்பதுபோல் இருந்தது. திரும்ப ஓட்டுக்குள் ஊற்றிவிட முடியுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். பைத்தியக்காரத்தனம், ஆனால் யோசித்தேன். உடைந்த ஓட்டின் பாதியைக் கையில் எடுத்தும் விட்டேன்.

அந்த நேரத்தில் தவமணி வந்தாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையோடு நேரே வந்திருந்தாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

“உசுரு இருக்குங்களே” என்றாள்.

நான் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். துடிப்பு மெதுவாயிற்று. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு தரம் துடித்தது. பிறகு துடிக்கவில்லை. தவமணி எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய், வேலியோரத்துச் செம்மண்ணைக் கையால் கிளறிப் புதைத்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“இனிமே ஒன்னையும் ஒடைக்காதீங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். போகும்போது திரும்பிக் கேட்டாள்: “அப்ப மத்ததும் உசுரோடதானே இருக்கும்?”

வதனி மிஸ் வந்ததும் நானே சொன்னேன். அவர் உடைந்த ஓட்டைக் கையில் எடுத்து உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். வெளியே அவ்வளவு கறுத்த ஓடு, உள்ளே பால் வெள்ளை. “உயிரோட இருந்திருக்கு” என்றார். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஏழு முட்டைகளை நான் பார்த்துக்கொண்ட மாதிரி என் பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொண்டேனா என்பது சந்தேகம். பள்ளி இடைவேளைக்கு மணி அடித்ததும் ஓடி வருவேன். ஜூலை மாதக் கச்சான் காற்று ஊவா மலைகளில் எப்படி வீசும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கூரைத் தகரம் நாள் முழுக்கத் தடதடக்கும். காய்ந்த காற்றில் தொழிற்சாலையிலிருந்து தேயிலை வாசனை மலையெல்லாம் பரவும். கொழுந்துக்கு அந்தக் காற்று நல்லது, எங்கள் பெட்டிக்கு ஆகாது. வெப்பமானி இறங்கிவிடும். அதனால் பலகை ஜன்னல்களையெல்லாம் இறுகச் சாத்தி, இடுக்குகளில் பழைய துணி அடைத்து வைத்தோம். பகலிலும் உள்ளே இருட்டுத்தான்.

அடை வைத்துப் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும். வேலை இல்லாத நாளென்று தவமணி தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு வந்தாள். கிழக்கு ஜன்னல் பலகையில் கணு ஒன்று கழன்று விழுந்து, ஐந்து ரூபாய் நாணயக் குத்தியளவில் ஒரு ஓட்டை இருந்தது. காற்று வராத பக்கம் என்பதால் அதை நாங்கள் அடைத்திருக்கவில்லை. அதன் வழியாக வெயில் ஒரு கம்பிபோல் அறைக்குள் பாய்ந்து நின்றது. தவமணி ஒரு முட்டையை எடுத்து, சோக்குக் குறி எந்தப் பக்கம் என்று பார்க்க ஜன்னல் பக்கமாகத் திரும்பினாள். அவள் கை அந்த வெயிலுக்குள் போயிற்று.

விரல்களுக்கிடையில் முட்டை பற்றி எரிவதுபோல் சிவந்தது.

வதனி மிஸ் வெப்பமானியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, தவமணி முட்டையின் தடித்த முனையை அந்த ஓட்டையில் பொருத்திப் பிடித்தாள். அறை முழுக்க இருட்டாகிவிட்டது. இருட்டின் நடுவில் அந்த முட்டை மட்டும். எங்கள் டோர்ச் தோற்றுப்போன அதே ஓடு, சூரியனுக்கு வழிவிட்டது. மேலே காற்றறை, வெளிறிய ஒரு தொப்பிபோல். அதன் விளிம்புக்குக் கீழே அடுப்புத் தணலின் சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் கிளைவிட்டுக் கிளைவிட்டு ஓடும் நரம்புகள். அதற்கும் கீழே கனத்த ஒரு நிழல். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நிழல் புரண்டது. காலோ, சிறகோ, ஏதோ ஒன்று உள்ளிருந்து ஓட்டை உதைத்துவிட்டு மறைந்தது.

“கையில தட்டுதுங்க” என்றாள் தவமணி, மிக மெதுவாக. கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்.

அந்த வயது வரைக்கும் நான் கும்பிட்ட தெய்வங்களுக்கெல்லாம் கற்பூரம் காட்டித்தான் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதிகம் சொல்கிறேனோ என்னவோ. ஆனால் வதனி மிஸ், விஞ்ஞானம் படிப்பிக்கிற மனுஷி, கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் கண்டேன். ஒவ்வொன்றாக ஏழையும் வைத்துப் பார்த்தோம். நான்கில் உயிர் இருந்தது. மூன்று, கலங்கலாக, அசைவில்லாமல் ஒளிர்ந்தன. அந்த மூன்றையும்கூட மிஸ் எறிய விடவில்லை. கடைசி நாள் வரைக்கும் குமிழின் கீழேயே வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு இருபத்தோராம் நாள், குஞ்சு பொரிக்க வேண்டிய நாள். தவமணி காலையிலேயே வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் எழுந்து போகும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் உள்ளே யாரோ பேசுகிறார்கள். அன்று வகுப்பில் நான் நடத்திய பாடம் என்னவென்று பிள்ளைகளுக்கும் புரிந்திருக்காது, எனக்கும் ஞாபகமில்லை. மத்தியானம் கீறல் விழுந்தது. தவமணி தலையில் கூடையோடு வந்து சேர்ந்தபோது இரண்டு வெளியே வந்திருந்தன. மற்ற இரண்டும் அவள் கண்முன்னாலேயே வந்தன. ஈரத்தில் ஒட்டிப்போன கரிக்கட்டைத் துண்டுகள்போல் கிடந்தவை, குமிழ்ச் சூட்டில் உலர்ந்து கறுத்த பஞ்சாக விரிந்தன.

தவமணி ஒன்றைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “அப்பா கோழி” என்றாள். நிறைய நேரம் அழுதாள்.

அந்த வாரம் வீதியில் யாரோ ஒரு பெண் அவளிடம் எத்தனை பொரித்தது என்று கேட்டதற்கு, “அஞ்சு” என்று சொன்னாள். பக்கத்தில் நின்ற நான், “நாலுதானே தவமணி” என்றேன்.

“ஒன்ன நாம முன்னாடியே பாத்துட்டோமில்லைங்களா டீச்சர்” என்றாள். குத்திக் காட்டும் தொனி துளியும் அதில் இல்லை.

நான்கில் ஒன்று சேவல். அதைக் குஞ்சாக இருக்கும்போதே பருந்து தூக்கிவிட்டது. மற்ற மூன்றும் வளர்ந்து லயத்துச் சிவப்புச் சேவல்களோடு மேய்ந்தன. அவை இட்ட முட்டைகள் தாயினுடையதைப்போலவே கறுத்திருந்தன. அவற்றின் பெட்டைக் குஞ்சுகள் இட்டவை கொஞ்சம் வெளுத்தன. அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம். மூன்றாம் வருடம் எனக்குப் பதுளைக்கு இடமாற்றம் வந்தபோது, நான் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்தும் தவமணி மூன்று முட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். பால் கூடின தேத்தண்ணீர் நிறம். “கலரு போயிருச்சுங்க டீச்சர்” என்றாள், ஏதோ தன் தவறுபோல். பிறகு அதுவும் வெளுத்து, மற்றக் கோழிகளின் முட்டையோடு முட்டையாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. பாடசாலைக்கு மாடிக் கட்டடம் வந்தது. அந்தப் பலகைக் குவாட்டர்ஸை இடித்து, எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்குக் கண்ணாடி ஜன்னல் வைத்த விடுதி கட்டியிருக்கிறார்கள். ரயிலில் போகும்போது தெரியும். தவமணியின் லயத்தில் கடைசிக் காம்பரா வீடுகள் நான்கும் ஒரு மழையில் சரிந்துவிட்டன. நல்லவேளை, அதற்கு முன்பே அந்தக் குடும்பம் வெளியேறியிருந்தது. வதனி மிஸ் இப்போது லண்டனில். மாதம் ஒருமுறை பேசுவோம்.

திருகாணி தேடிய அன்றைக்கும் பேசினேன். “அந்த முட்டையின்ர நிறத்தை என்னெண்டு சொல்லுவீர்?” என்று கேட்டார். மழையில் நனைந்த மரப்பட்டை என்றேன். இல்லவே இல்லை, கித்துள் கருப்பட்டி என்றார். அரைமணி நேரம் வாதாடினோம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விடவில்லை. இதைத் தீர்த்துச் சொல்ல தவமணிதான் வர வேண்டும் என்று முடித்தோம். அவள் கொழும்புப் பக்கம் போனாள் என்கிறார்கள் சிலர், பசறையில் யாரோ கண்டதாகச் சொல்கிறார்கள் சிலர். எங்கே இருக்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.